கடைசி ரயிலா, முதல் ரயிலா? டோக்கியோவில் வெள்ளி, சனி இரவுகள்

"அண்ணே, வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கே போகலாம்?" டோக்கியோவுக்கு வேலைக்கு வந்து இரண்டு வாரம் ஆன தம்பிகள் எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி இது. நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "வீடு எங்கே எடுத்திருக்கே?" பேச்சை மாற்றுகிறேன் என்று நினைப்பார்கள். இந்த ஊர் இரவுக்கு முதல் கணக்கே அதுதான்.

ரயில் இங்கே இரவு முழுக்க ஓடாது. பெரும்பாலான தடங்களில் கடைசி வண்டி நள்ளிரவு 12-க்கும் 12.30-க்கும் அக்கம்பக்கம் போய்விடும். அப்புறம் விடிகாலை நாலரை, ஐந்துக்குத்தான் முதல் வண்டி. 2021 மார்ச்சில் ஜேஆர் கிழக்கு என்ற ரயில் நிறுவனம் கடைசி வண்டிகளை ஏறக்குறைய அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளியது. கொரோனா காலத்தில் பின்னிரவுப் பயணிகள் குறைந்திருந்தார்கள், தண்டவாள வேலைக்கும் கூடுதல் நேரம் தேவைப்பட்டது. ஆகவே பழைய ஆட்கள் "ஒரு மணி வரை வண்டி இருக்கும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். சனி, ஞாயிறு அட்டவணையும் தனி.

டாக்சி இருக்கிறதே என்பீர்கள். முதல் ஒரு கிலோமீட்டர் சொச்சத்துக்கு 500 யென், இரவு 10 முதல் காலை 5 வரை அதற்கு மேல் 20 சதவீதம் கூடுதல். ஷிபுயாவில் ஏறி நம்மவர்கள் அதிகம் இருக்கும் நிஷிகசாயில் இறங்கினால் மீட்டர் ஏழெட்டாயிரம் யென் காட்டும். அந்தக் காசில் இரண்டு வெள்ளிக்கிழமை ஓட்டிவிடலாம்.

ஆக, கையில் இருப்பது இரண்டே வழி: பதினொன்றே முக்காலுக்கு எழுந்துவிடுவது, இல்லாவிட்டால் விடியும்வரை உட்கார்ந்துவிடுவது. ஒன்றரை மணிக்கு "சரி, கிளம்பலாமா" என்பது பணம் படைத்தவர்கள் பேச்சு. கீழே சொல்லப்போகும் எல்லா இடங்களையும் இந்தத் தராசில் வைத்துத்தான் நிறுக்கிறேன். எனக்கு முக்கியமாகப் படும் இன்னொன்றும் உண்டு. அடுத்த வாரம் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே யாராவது இருப்பார்களா?

ஆபீஸ் கூட்டத்தோடு

முதலில் தானாகக் கதவைத் தட்டுவது நோமிகாய், அதாவது ஆபீஸ் ஆட்கள் சேர்ந்து குடிக்கப் போவது. இசாகாயா எனப்படும் சாப்பாடும் மதுவும் கலந்த கடையில் நீள மேசை பிடித்திருப்பார்கள். தலைக்கு நாலாயிரம், ஐயாயிரம் யென். அதில் நோமிஹோதாய் அடக்கம்: இரண்டு மணி நேரத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். முடிய அரை மணி இருக்கும்போது கடைசி ஆர்டர் கேட்டு வருவார்கள்.

குடிக்காதவர்கள் இதற்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. ஊலாங் டீ கேட்டால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. என் குழுவில் மூன்று ஜப்பானியர்களே அதைத்தான் குடிக்கிறார்கள். சைவம்தான் உண்மையான சிக்கல். கறி இல்லை என்று சொல்லிக் கொண்டுவரும் பண்டத்திலும் கட்சுவோ மீன் சாறு இறங்கியிருக்கும். குளிர்ந்த தோஃபுவின் தலையில் மீன் சீவல் தூவித் தருவார்கள். அவித்த எடமாமே எனும் பச்சை சோயாக் காய், உருளைக்கிழங்கு வறுவல், வெள்ளரிக்காய் இவற்றை நம்பலாம். பசியோடு போகாதீர்கள்.

ஒழுங்கு ஒன்று உண்டு. உங்கள் கிளாஸை நீங்களே நிரப்பக் கூடாது, பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் ஊற்ற வேண்டும். அவர் உங்களுக்கு ஊற்றுவார். மொழி தெரியாத முதல் மாதத்தில் எனக்கு இது பெரிய உதவி. பேச வார்த்தை கிடைக்காதபோது பாட்டிலைக் கையில் எடுத்தால் போதும், எதிரில் இருப்பவர் பேச ஆரம்பித்துவிடுவார். பகலில் வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் பேசாத மேலாளர், இரண்டாவது கிளாசில் "ரஜினி தெரியுமா?" என்று கேட்டார். தெரியுமாவா!

முடிவுதான் புதியவர்களைத் திகைக்க வைக்கும். சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒருவர் எழுந்து இரண்டு வார்த்தை பேசுவார். எல்லாரும் கையை விரித்து, ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான், கூட்டம் கலைந்துவிடும். நம் ஊரில் விடைபெறவே அரை மணி ஆகும், இங்கே ஒரு கைதட்டு. யாருக்காவது மனம் அடங்காவிட்டால் வாசலிலேயே நிஜிகாய், இரண்டாம் சுற்று, ஆரம்பமாகும். அதற்குப் போகாமல் நழுவுவது குற்றமில்லை, பாதிப் பேர் நழுவுவார்கள். ஆனால் உண்மையான பேச்சு நடப்பது அங்கேதான் என்பது என் அனுபவம். முதல் சுற்று ஆறரைக்கு ஆரம்பித்திருந்தால், இரண்டாவதும் முடிந்து கடைசி ரயிலுக்கு நேரம் மிச்சம் இருக்கும்.

குறை இல்லாமலில்லை. இது நீங்கள் தேர்ந்தெடுத்த கூட்டம் இல்லை. மாதம் ஒரு முறைக்கு மேல் நடப்பதும் அரிது. புதிய இளைஞர்களுக்கு இதில் ஆர்வமும் குறைந்து வருகிறது.

ஷிபுயா, ரொப்போங்கி கிளப்புகள்

ஆடப் பிடிக்கும் என்றால் மட்டும் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

ஜப்பானில் நள்ளிரவுக்கு மேல் ஆடுவது நெடுநாள் சட்டத்துக்குப் புறம்பாக இருந்தது என்றால் இன்று வருகிறவர்கள் நம்புவதில்லை. 1948-இல் விபசாரத்தை மனதில் வைத்து வந்த சட்டம் நடனக் கூடங்களையும் கட்டிப்போட்டது. பல பத்தாண்டுகள் போலீஸ் கண்டும் காணாமல் இருந்தது. 2010-ஐ ஒட்டி ஒசாகாவில் கெடுபிடி தொடங்கி, மற்ற ஊர்களுக்கும் பரவியது. "ஆட விடுங்கள்" என்று கையெழுத்து இயக்கம் நடந்தது, இசையமைப்பாளர் ரியுயிச்சி சகமோட்டோ போன்றவர்கள் துணை நின்றார்கள். 2015-இல் சட்டம் திருத்தப்பட்டு 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் ஒரு வேடிக்கை: விடிய விடிய ஆட அனுமதி வேண்டுமென்றால் உள்ளே 10 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் இருக்க வேண்டும். தியேட்டரில் இடைவேளை விடும்போது இருக்குமே, ஏறக்குறைய அந்த வெளிச்சம்.

ஷிபுயாவில் 2000-இல் திறந்த வூம்ப் என்ற கிளப் இன்னும் ஓடுகிறது. ஷின்கிபாவில் இருந்த பெரிய கூடமான ஆகேஹா 2022 ஜனவரியில் மூடிவிட்டது. வார இறுதியில் நுழைவுக்கு மூவாயிரம், நாலாயிரம் யென் வைத்துக்கொள்ளுங்கள். பையை லாக்கரில் வைக்க இன்னும் சில நூறு. வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். 2022-இலிருந்து 18 வயதில் மேஜர் ஆகிவிடலாம், ஆனால் மதுவுக்கு 20 தான்.

இங்கே கடைசி ரயில் என்ற பேச்சுக்கே இடமில்லை. பன்னிரண்டு மணிக்குத்தான் ஆள் சேர ஆரம்பிக்கும். ஆகவே இது முதல் ரயில் இரவு. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு இருக்காது என்று எழுதிவைத்துக்கொண்டு போங்கள். சிநேகம்? இசை காதை அடைக்கும் இடத்தில் யாரோடு என்ன பேசுவது. வெளிநாட்டுக்காரர்கள் நிறையப் பேர் வருகிற கிளப்பில் ஐந்து பேரின் இன்ஸ்டாகிராம் வாங்கலாம். நான் வாங்கிய ஐந்தில் ஒருவர்கூட மறு வாரம் பதில் போடவில்லை. ஆட்டத்துக்காகப் போனால் காசு செரிக்கும், நண்பர் தேடிப் போனால் செரிக்காது.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரொப்போங்கியிலும் ஷிஞ்சுகுவின் கபுகிச்சோவிலும் தெருவில் நின்று கூப்பிடுகிற ஆளோடு எந்தக் கடைக்கும் போகக் கூடாது. "மூவாயிரம் யென், எவ்வளவு வேண்டுமானாலும்" என்பான். உள்ளே போனபின் பில் பத்து மடங்காகி வரும். குடியில் எதையாவது கலந்து மயக்கி, கார்டைத் தேய்த்த சம்பவங்களும் உண்டு. கபுகிச்சோவில் ஒலிபெருக்கியிலேயே, தெருவில் அழைப்பவர்கள் அத்தனை பேரும் ஏமாற்றுக்காரர்கள் என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டிருப்பார்கள். அதன் அடியிலேயே நின்று அவர்களும் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ரெசிடென்ஸ் கார்டு, அதாவது இங்கே தங்கும் வெளிநாட்டவருக்குத் தரும் அடையாள அட்டை, எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். கையில் இல்லாமல் போலீஸிடம் மாட்டினால் இரண்டு லட்சம் யென் வரை அபராதம் போட இடமுண்டு. ஷிபுயா ஸ்டேஷனைச் சுற்றித் தெருவில் நின்று பீர் குடிப்பதும் இப்போது நடக்காது. 2024 அக்டோபரிலிருந்து மாலை 6 முதல் காலை 5 வரை ஆண்டு முழுக்கத் தடை.

விடிய விடிய கரோக்கே

கடைசி ரயிலைத் தவறவிட்டவனுக்கு இந்த நகரம் தரும் கருணை இது. இரவு 11 முதல் காலை 5 வரை ஒரே கட்டணத்தில் அறை தருவார்கள், வெள்ளி சனியில் தலைக்கு இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் யென். மூடிய அறை, நண்பர்கள் மட்டும், கேட்பதற்கு வெளியாள் கிடையாது. 1971-இல் கோபேயில் டைசுகே இனோவே, பின்னணி இசையைப் போட்டு நாம் பாடுகிற இந்தக் கரோக்கே கருவியை உருவாக்கினார், காப்புரிமை வாங்காமலே விட்டார். வாங்கியிருந்தால் பெரிய கோடீஸ்வரர் ஆகியிருப்பார்.

பாட்டுப் பட்டியலில் ஜப்பானியம் போக ஆங்கிலம் ஏராளம். தமிழை அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சில அறைகளில் போனை டிவியோடு இணைக்க வழி இருக்கும், முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இளையராஜா மெட்டு ஒன்றை நான் போட்டபோது என் ஜப்பானிய சகா வார்த்தை புரியாமலே தாளத்துக்கு மேசையைத் தட்டினார். அடுத்த திங்கட்கிழமை ஆபீஸில் அதே தாளம் தட்டிக்கொண்டு வந்தார்.

ஒரே நிபந்தனை: தெரிந்தவர்களோடு போவதற்கான இடம் இது, புதியவர் யாரும் இங்கே கிடைக்க மாட்டார்கள். நிஜிகாய்க்கு மிகப் பொருத்தம்.

கோல்டன் காய்

ஷிஞ்சுகுவில் இருக்கும் பார் சந்துகள் இவை, ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் கூட்டிப்போகலாம். ஆறு குறுகிய சந்துகள், இருநூறுக்கு மேல் குட்டி பார்கள், பலவற்றில் ஏழெட்டுப் பேருக்கு மேல் உட்கார முடியாது. போருக்குப் பிந்தைய கள்ளச்சந்தைக் காலத்து எச்சம் என்பதால் பார்க்க அழகு. உட்கார்ந்தாலே ஆயிரம் யென்னை ஒட்டி இருக்கைக் கட்டணம் பல கடைகளில் உண்டு, சிலவற்றில் வாடிக்கையாளருக்கு மட்டும்தான் அனுமதி. வார இறுதியில் பக்கத்து நாற்காலியில் உங்களைப் போலவே இன்னொரு வெளிநாட்டுக்காரர்தான் இருப்பார், திங்கட்கிழமை ஊருக்குக் கிளம்புகிறவர்.

நிஷிகசாய் மொட்டைமாடி இல்லாத மொட்டைமாடி

2000-ஐ ஒட்டிக் கம்ப்யூட்டர்களில் ஆண்டுக் குழப்பம் வரும் என்று உலகம் பதறியபோது இங்கே வந்த இந்திய எஞ்சினியர்கள் நிஷிகசாய் இருக்கும் எடோகவா வட்டாரத்தில் குடியேறினார்கள். டோசாய் தடத்தில் ஏறினால் ஒதேமாச்சி வங்கி, ஆபீஸ் பகுதிக்கு நேர் வண்டி. யூஆர் எனப்படும் அரை அரசுக் குடியிருப்புகளில் ஜாமீன்தாரர் கேட்பதில்லை, வீட்டுக்காரருக்கு 'நன்றிப் பணம்' கட்ட வேண்டியதில்லை. அப்படியே ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள்.

சனிக்கிழமை மாலை யாராவது ஒருவர் வீட்டில் பிரியாணி. கிரிக்கெட், சீட்டு, ஊர்ப் பேச்சு, பிள்ளைகளின் ஓட்டம். செலவு காய்கறிக்கும் கறிக்கும்தான். திரும்பிப் போக ரயிலே வேண்டாம், இரண்டு கட்டிடம் தள்ளி நடந்தால் வீடு. குடும்பத்தோடு வந்தவருக்கு இதைவிட நல்ல சனிக்கிழமை டோக்கியோவில் கிடையாது என்று தயங்காமல் சொல்வேன். காய்ச்சலில் படுத்தபோது எனக்கு ரசம் வந்து சேர்ந்தது இந்த வீடுகளிலிருந்துதான். அண்ணி, அக்கா என்று கூப்பிட ஆள் இருப்பது லேசுப்பட்ட விஷயமா?

சத்தம் ஒன்றுதான் இடைஞ்சல். ஒன்பது, பத்து மணிக்கு மேல் பேச்சு உயர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் நேரில் வந்து சொல்ல மாட்டார், குடியிருப்பு அலுவலகத்துக்குப் போகும். மறுநாள் லிஃப்டில் பெயர் போடாத ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும். எங்களைத்தான் சொல்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், லிஃப்டில் எல்லாரும் தரையைப் பார்ப்போம்.

தனியாக வந்திருக்கும் தம்பிகளிடம் மட்டும் வேறு மாதிரி பேசுவேன். எல்லா சனிக்கிழமையும் இங்கேயே கழிந்தால் ஐந்து வருடம் கழித்தும் உங்கள் ஜப்பானிய மொழி "பை வேண்டாம்" என்பதைத் தாண்டியிருக்காது. நான் இரண்டரை வருடம் அப்படித்தான் இருந்தேன்.

வீட்டுப் பக்கத்து ஸ்டேஷன்

என் ஓட்டு இதற்கு. யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள், பயணக் கையேட்டிலும் இருக்காது.

நீங்கள் குடியிருக்கிற ஸ்டேஷனைச் சுற்றிச் சிவப்புக் காகித விளக்கு தொங்கும் கடைகள் நாலைந்தாவது இருக்கும். தச்சினோமி என்ற நின்று குடிக்கும் கடை, மதுக்கடையின் ஓரத்திலேயே நின்று குடிக்கும் ககுஉச்சி, எட்டு நாற்காலி போட்ட கவுண்டர் கடை. நின்று குடிக்கும் இடங்களில் பெரும்பாலும் இருக்கைக் கட்டணம் கிடையாது, ஆயிரத்து ஐந்நூறு யென்னில் ஒரு மாலை ஓடும். உட்காரும் கடைகளில் கேட்காமலே ஒரு குட்டிக் கிண்ணம் வைப்பார்கள், ஒதோஷி என்று பெயர், பில்லில் முந்நூறு, நானூறு யென் ஏறும். ஏமாற்று என்று சண்டை போடாதீர்கள், அதுதான் அங்கே இருக்கைக் கட்டணம்.

முதல் முறை போனபோது துணித்திரையை விலக்கியதும் உள்ளே பேச்சு நின்றுவிட்டது. ஆறு தலைகள் திரும்பின. அரை மணி நேரம் சுவரில் மாட்டியிருந்த பட்டியலைப் படிப்பது போல நடித்துவிட்டு வந்துவிட்டேன். படிக்கவும் தெரியாது. இரண்டாம் வாரம் கடைக்காரர் தலையசைத்தார். மூன்றாம் வாரம் பக்கத்தில் இருந்த பெரியவர் "இந்தியாவில் தினமும் கறிக் குழம்பா?" என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு நாற்பது நிமிடமும் ஒரு காகித நாப்கினும் ஆனது. சாம்பாரைப் படம் வரைந்து விளக்கியிருக்கிறீர்களா?

இந்தக் கடைகளை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது மதுவுக்காக இல்லை. அந்த ஏழெட்டு ஆட்கள் வாராவாரம் அங்கேதான் இருக்கிறார்கள். கிளப்பில் ஒவ்வொரு சனியும் புதிய முகம், இங்கே அதே முகம். மொழி பழகுவதற்கும் இதுதான் தோது. ஒரே ஆளிடம் அதே தப்பை நாலு தடவை செய்தால் அவர் திருத்திவிடுவார். கடைசி ரயில் கவலையும் இல்லை, நடை தூரத்தில் வீடு. சைக்கிளை மட்டும் வீட்டில் விட்டுவிடுங்கள். 2024 நவம்பரிலிருந்து குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டினாலும் மூன்று வருடம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம். நீங்கள் சைக்கிளில் போவீர்கள் என்று தெரிந்தே ஊற்றிக்கொடுத்த கடைக்காரரும் மாட்டுவார்.

பெண்களுக்கு இது ஒத்துவருமா என்று கேட்பார்கள். என் தோழி ஒருத்தி தனியாகவே போகிறாள். அவளுடைய விதி: முதல் தடவை கண்ணாடிக் கதவு உள்ள, வெளியிலிருந்து உள்ளே தெரிகிற கடை, கவுண்டரில் கடைக்காரருக்கு எதிர் நாற்காலி, இரவு பத்துக்கு முன் வெளியே. மையப் பகுதியிலிருந்து தாமதமாகத் திரும்ப நேர்ந்தால் பெண்கள் பெட்டி ஓடும் தடமா என்று பார்த்து வைத்திருப்பாள். கெய்ஓ (Keio) தடத்தில் அந்தப் பெட்டி தொடங்கியதே இரவு வண்டிகளில்தான், ஆண்டு இறுதிக் குடிவிருந்துகள் நடக்கும் டிசம்பர் மாதத்தில், 2000-இல்.

குடிக்கவே விருப்பமில்லாதவர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும்: ஒரே இடம், ஒரே கிழமை. வட்டார அலுவலகங்கள் பக்கத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய வகுப்பு, தனி ஆளாகப் போய்ச் சேரக்கூடிய ஃபுட்சால் எனும் சிறு மைதானக் கால்பந்து ஆட்டம், தெருமுனைப் பொதுக்குளியல். குளியலுக்கு 550 யென், வெந்நீரில் கழுத்தளவு உட்கார்ந்திருக்கும் தாத்தாக்கள் பேச்சுக்கு ஏங்குகிறவர்கள். உடுப்பில்லாமல் உட்காரும் கூச்சம் இரண்டு தடவையில் போய்விடும்.

மூன்று மாத ப்ராஜெக்டுக்கு வந்தவர் என்றால் நான் சொன்னதைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் ஆவதற்கே உங்களுக்கு நேரம் போதாது. கோல்டன் காய் ஒரு முறை, கிளப் ஒரு முறை, கரோக்கே அழைப்பு வரும்போதெல்லாம், மொழிப் பரிமாற்றக் கூட்டங்கள் வாரம் ஒன்று. வேகமாக ஆள் பழக அதுதான் வழி. ஒரு வருடத்துக்கு மேல் என்றால் முதல் ஆறு மாதத்தில் நோமிகாய் ஒன்றைக்கூட விடாதீர்கள், மீதி வெள்ளிகளில் உங்கள் ஸ்டேஷன், சனிக்கிழமை பிரியாணி.

நான் போகும் கடையில் ஷோச்சு எனும் ஜப்பானிய மது பாட்டில் ஒன்றை முழுதாக வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு வரும் வழக்கம் உண்டு. வாரம் கொஞ்சமாகக் குடிக்கலாம். கழுத்தில் பெயர்ச்சீட்டு தொங்கும். செழியன் என்ற பெயரில் உள்ள ழகரத்தோடு கடைக்காரர் இரண்டு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, வெளிநாட்டுப் பெயர்களுக்கான கத்தகானா எழுத்தில் 'செரியான்' என்று எழுதி மாட்டிவிட்டார். கேட்டால் ஏதோ அஜீரணத்துக்கு மருந்து மாதிரி இருக்கிறது. பெயருக்குக் கீழே ஒரு தேதியும் எழுதியிருக்கிறார். கடைசியாக வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தலைகாட்டாவிட்டால் பாட்டில் கடைக்குச் சொந்தம்.